தகரம் அடித்த பொட்டு

1

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக் குசினி ஒரு தூதரகம். கொடியும் இல்லை, காவலாளியும் இல்லை. அடுப்பில் பருப்பு, கையில் தொலைபேசி, அவ்வளவுதான். முதலில் ஊரில், உடையார்கட்டில் இருக்கும் அக்காவுக்கு எடுப்பேன். அக்கா சொல்வதையெல்லாம் கேட்டு முடித்து, அதே உடையார்கட்டில், ஒரு காலத்தில் ஒரே காணியாக இருந்த நிலத்தில், வேலிக்கு அடுத்த பக்கம் இருக்கும் அண்ணாவுக்கு எடுப்பேன். அக்கா இருமினால் அண்ணாவுக்குத் தன் கதிரையில் இருந்தபடியே கேட்கும். ஆனாலும் அக்காவுக்கு இருமல் என்ற செய்தி சுவிஸ் வரை வந்து, என் குசினியில் கொஞ்சம் ஆறி, அதன் பிறகுதான் அவருக்குப் போய்ச் சேரவேண்டும்.

"மருந்து எடுத்தவாவாமோ?" என்று அண்ணா கேட்பார்.

"நீங்கள் கேட்டனீங்கள் எண்டு சொல்லட்டே?"

"சீச்சீ, நான் கேட்டது எண்டு சொல்லாதை. சும்மா நீ கேக்கிற மாதிரிக் கேள்."

அடுத்த கிழமை அக்கா கேட்பாள்: "உவன் என்ர இருமலைப் பற்றி ஏதும் கேட்டவனோ?" நான் என்ன சொல்ல? இரு நாட்டுத் தூதர்களும் சொல்வதைத்தான் சொல்வேன். பேச்சு நல்ல முறையில் நடந்தது என்பேன்.

இப்படியே வருடங்கள் போய்விட்டன. எனக்கு அலுத்துவிட்டது என்று சொன்னால் பாதி உண்மை. அலுத்துத்தான் விட்டது. ஆனால் ஒரு ஞாயிறு எடுக்காவிட்டால் திங்கள் முழுக்க எதையோ அடுப்பில் வைத்துவிட்டு வந்தது போல மனம் அந்தரப்படும்.

2

கொழும்பு மாடிவீடுகளில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்காகப் பொட்டு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் அயலோடு நல்லமாதிரி என்றால் வேலியில் ஒரு ஆள் குனிந்து போகிற அளவுக்கு வழி விட்டிருப்போம். அதுதான் பொட்டு. தெருவாசலில் இருக்கிற படலை தெருவால் வருகிற ஆட்களுக்கு. உறவுக்காரரும் உப்புப் புளி கேட்டு வருகிறவர்களும் பொட்டுக்குள்ளால் வருவார்கள். கோவம் வந்தால் முதலில் அடைபடுவதும் அதுதான். "அவையள் பொட்டை அடைச்சுப் போட்டினம்" என்று ஊரில் ஒருவர் சொன்னால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நாடுகள் தூதுவரைத் திருப்பி அழைப்பதும் இதுவும் ஒன்றுதான்.

எங்களைப் பெற்ற ஐயா காணியைப் பிரித்து அக்காவுக்கும் அண்ணாவுக்கும் கொடுத்தபோது முருங்கைக்குப் பக்கத்தில் பொட்டு இருந்தது. பிறகு யுத்தம் எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டு போனது. முகாமில் இருந்து அவர்கள் திரும்பி வந்தபோது வேலியும் இல்லை, முருங்கையும் இல்லை, எல்லையில் நின்ற பனைகளும் இல்லை. நிலத்தை யாரோ மண்வெட்டியால் மெழுகியது போல் இருந்ததாம். அண்ணா ஒரு பனை நின்ற இடத்தை நினைவில் வைத்து அளந்தார். அக்கா கிணற்றில் இருந்து காலடி வைத்து அளந்தாள். இரண்டு கணக்குக்கும் நடுவில் ஒரு மாடு படுக்கிற அகலம் மிஞ்சியது. அந்த மாடு இன்றுவரை எழும்பவில்லை.

முதலில் வாய்ப்பேச்சு. பிறகு கச்சேரிக்கு, அரச அதிபரின் கந்தோருக்கு, மனு. நில அளவையாளர் வந்து, இரண்டு பேருக்கும் பிடிக்காத மூன்றாவது கோடு ஒன்றைக் காட்டிவிட்டுப் போனார். வேலி எப்படியோ போடப்பட்டது. பொட்டு விடவேண்டிய இடத்தில் பழக்கத்தில் ஒரு வழியும் விடப்பட்டது. ஒருநாள் சண்டை முற்றியபோது அக்கா, கூரைக்கென்று நிவாரணத்தில் கொடுத்த தகரத்தில் ஒன்றை எடுத்து அதில் வைத்து ஆணி அடித்தாள். அவள் அடித்தது போதாதென்று அண்ணா தன் பக்கத்தால் முட்கம்பி இழுத்துக் கட்டினார். பூட்டுக்கு மேல் பூட்டு.

இதில் அகப்பட்டது அண்ணாவின் மகள் விழிதான். அக்காவுக்கும் அத்தானுக்கும் பிள்ளைகள் இல்லை. இடம்பெயர்ந்து நடந்த நாட்களில், நடக்கமாட்டேன் என்று அழுத விழியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தவள் அக்கா. முகாமிலும் பிள்ளை அக்காவின் பாயில்தான் படுத்தாள். பொட்டு அடைத்த பிறகு பிள்ளை சைக்கிளில் தெருவைச் சுற்றிவந்து "மாமி" என்று படலையில் நிற்பாள். கொஞ்சம் வளர்ந்ததும் அதுவும் நின்றுவிட்டது. அண்ணா மறித்தார் என்று அக்கா சொல்கிறாள். அக்கா படலை திறக்கவில்லை என்று அண்ணா சொல்கிறார்.

இந்த வருடம் விழிக்குக் கலியாணம் பேசிமுடித்தார்கள். மாப்பிள்ளை மாங்குளத்துப் பெடியன். செய்தியை அக்காவுக்குச் சொன்னது நான்தான், சுவிஸில் இருந்து. அக்கா மாதத்தைக் கேட்டாள், ஐப்பசி என்றேன். பிறகு, "தலைமயிரை நல்லாப் பராமரிக்கச் சொல்லு, அவளுக்கு நல்ல மயிர்," என்றாள்.

3

நான் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். என்னோடு வேலை செய்பவள் சாபா, எரித்திரியாக்காரி. நாங்கள் இருவரும் கதைப்பது டொச், அதாவது ஜெர்மன். அதைக் கேட்டால் டொச்க்காரர் காதைப் பொத்துவார்கள். எங்களுக்கு அது தாராளம்.

சாபாவும் என்னைப்போல ஒரு தூதரகமாக இருந்தவள். அவளுடைய அம்மா எரித்திரியாவில். அவளுடைய அக்கா பக்கத்து நாடான எத்தியோப்பியாவில் கலியாணம் செய்து இருந்தாள். ஒரு சின்ன எல்லை ஊருக்காக இரண்டு நாடுகளும் சண்டைபிடித்து, தூதரகங்களை மூடி, விமானத்தை நிறுத்தி, தொலைபேசியையும் அறுத்துவிட்டன. இருபது வருடத்துக்குக் கிட்டத் தாயும் மகளும் நேரே ஒரு வார்த்தை கதைக்கவில்லை. இங்கிருந்து சாபாவால் இரண்டு பக்கமும் எடுக்க முடியும். ஆகவே அக்காவுக்குப் பிள்ளை பிறந்ததும் அம்மாவுக்குக் கண் மங்கியதும் எல்லாம் சாபாவின் வாயால்தான் போய்வந்தன.

2018இல் இரண்டு நாட்டுத் தலைவர்களும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தொலைபேசி திறந்தது. அன்றைக்கு நாங்கள் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டு நின்றோம். சாபா தன் அக்காவுக்கு எடுத்தாள். அக்கா வேறு அழைப்பில் இருந்தாள். அம்மாவுக்கு எடுத்தாள், அங்கேயும் அப்படித்தான். திரும்பவும் எடுத்தாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது, அவர்கள் இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று. விரிப்புக்குள் முகத்தைப் புதைத்து அழுதாள். சந்தோசம் என்று நினைத்து நான் முதுகைத் தடவினேன். அவள் நிமிர்ந்து, "இனி என்னை ஒருவரும் தேடமாட்டார்கள்," என்றாள். எனக்கு அது அன்றைக்கு விளங்கவில்லை. கொஞ்சம் கோவமும் வந்தது, உண்மையைச் சொன்னால்.

சாபாவின் அம்மா விமானம் ஏறிப்போய் மகளைப் பார்த்தார். பேரப்பிள்ளைகளைத் தொட்டுப் பார்த்தார். திரும்பிவந்து கொஞ்ச காலத்தில் இறந்துபோனார். எல்லை வழிகள் சில மாதங்களிலேயே திரும்ப மூடப்பட்டன. பிறகு விமானமும் நின்றது. இப்போது இரண்டு நாடும் பழையபடி முறைத்துக்கொண்டு நிற்கின்றன.

விழியின் கலியாணக் கதையைச் சாபாவுக்குச் சொன்னேன். ஐப்பசிக்குள் எப்படியாவது பேசித் தீர்த்துவிடலாம் என்றேன். அவள் இயந்திரக் கதவை அடித்து மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எல்லாவற்றையும் தீர்த்துவிட்டுப் போகலாம் என்று என் அம்மா இருந்திருந்தால் அக்காவின் முகத்தைப் பார்க்காமலே செத்திருப்பா. எல்லைக்கல் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. கதவு திறந்திருந்தது, போனா."

அன்றில் இருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நல்லநாளுக்கு அக்காவும் அண்ணாவும் ஒன்றாக நிற்காவிட்டால், பிறகு ஒன்றாக நிற்பது கெட்டநாளில்தான். செத்தவீட்டுக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை, கோவக்காரரும் வருவார்கள். ஆனால் அன்றைக்கு ஒருவருக்கு மற்றவர் வந்தது தெரியாது.

4

பேச்சுவார்த்தையைத் தொடங்கினேன். கலியாணத்துக்கு வீட்டுக்கு வந்து சொல்லவேண்டும் என்பது எங்கள் முறை. அதில்தான் தேர் நின்றது.

"அவன் பெண்சாதியோட வந்து, தட்டத்தில வெத்திலை பாக்கோட சொல்லவேணும். மோட்டச்சைக்கிள்ல ஆரையும் விட்டு அழைப்புக் காட்டை எறிஞ்சிட்டுப் போறேல்லை," என்றாள் அக்கா.

"சொந்த மாமிக்குச் சொல்லித்தான் வரவேணுமே? சொல்லாமலே வந்து முன்னுக்கு நிக்கவேண்டிய ஆள் அவா," என்றார் அண்ணா.

"அப்ப பொட்டைத் திறந்துவிடுங்கோ, அவா வருவா," என்றேன் நான்.

"அடைச்சது ஆர்? அடைச்சவா திறக்கட்டும்."

ஒருமுறை இருவரையும் ஒரே வீடியோ அழைப்பில் கொண்டுவந்தேன். அண்ணா தன் நெற்றியை மட்டும் காட்டினார். அக்கா தொலைபேசியை மேசையில் மல்லாக்க வைத்துவிட்டாள். நான் அவள் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு, "இரண்டு பேரும் சுகமோ?" என்று கேட்டேன்.

கடைசியில் ஒரு உடன்பாடு வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அண்ணாவும் அண்ணியும் தெருவால் வந்து சொல்வார்கள். அக்கா வாசலுக்கு வந்து கூப்பிடுவாள். எனக்குப் பெரிய சந்தோசம். வேலையில் இரண்டு இயந்திரத்தில் போடவேண்டியதை ஒன்றில் போட்டுத் திட்டு வாங்கினேன்.

அண்ணாவும் அண்ணியும் தட்டத்தோடு வந்தார்கள். படலை சாத்திக் கயிறும் போட்டிருந்தது. அண்ணா ஒரு நிமிடம் நின்றார். கூப்பிட்டிருக்கலாம், ஆனால் கூப்பிடவில்லை. திரும்பிவிட்டார். அக்கா உள்ளே புதுச் சீலை கட்டிக்கொண்டு, தேத்தண்ணிக்குச் சுடுநீர் கொதிக்க வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். படலை ஆட்டுக்காகச் சாத்தியது. அயலில் ஒரு கிடாய் பயற்றங்கொடியை மேய்ந்துவிடுகிறதென்று நாள் முழுக்கச் சாத்திவைப்பது அவள் வழக்கம். அண்ணாவுக்கு அது தெரியாததா? ஒரே வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மனிதர்.

"என்ர மூஞ்சையில படலையைச் சாத்தினவா," என்றார் அண்ணா.

"வாசல்ல வந்து ஒரு குரல் குடுக்கத் தெரியாதே? ஆட்டுக்குக் கட்டின கயித்தை அவிழ்க்க அவனுக்குக் கையில்லையே?" என்று அக்கா அழுதாள். அவள் அழுது நான் கேட்டது கன காலத்துக்குப் பிறகு.

நான் இரண்டு பக்கமும் கோவித்துக்கொண்டேன். தூதரகத்தை மூடுகிறேன், இனி நீங்களும் உங்கள் வேலியும் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். பிறகு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

5

அந்தக் கிழமையிலேயே எனக்குக் குடியுரிமை நேர்முகம். என் கதை இப்படி: நான் அகதியாக வந்தவள். என்னுடைய பயணப் புத்தகத்தில் எந்த நாட்டுக்கும் போகலாம், பிறந்த நாட்டுக்கு மட்டும் போகமுடியாது. குடியுரிமை கிடைத்தால்தான் அந்த விலக்கு நீங்கும். எழுத்துச் சோதனையில் இரண்டுமுறை விழுந்து, மூன்றாம்முறை எழும்பி, நேர்முகம் வரை வந்துவிட்டேன்.

நகரசபையில் ஒரு பெண்ணும் இரண்டு ஆண்களும் இருந்தார்கள். ஆறுகளின் பெயர் கேட்டார்கள், சொன்னேன். குப்பை எந்த நாளில் எந்தப் பையில் என்று கேட்டார்கள், அதில் நான் பேராசிரியர். பிறகு அந்தப் பெண் சிரித்துக்கொண்டு, "உங்கள் அயலவர்களோடு உறவு எப்படி?" என்று கேட்டார்.

கீழ்வீட்டு அம்மா நல்லவர் என்று ஒரு வரியில் சொல்லி முடித்திருக்கலாம். என் மகள் அபிராவும் அப்படித்தான் சொல்லித் தந்தாள். ஆனால் என் தலைக்குள் ஆட்டுப்படலை நின்றது. எங்கள் ஊரில் நல்ல அயல் என்றால் வேலியில் ஒரு வழி விட்டிருப்போம் என்று தொடங்கிவிட்டேன். என் டொச்சில் அது, நல்ல அயலவரின் வேலியை உடைப்போம் என்று அவர்களுக்குக் கேட்டிருக்கவேண்டும். ஒருவர் எழுதுவதை நிறுத்தினார். கையால் காற்றில் வேலி கட்டிக் காட்டினேன். குனிந்தும் காட்டினேன்.

"அப்படியானால் வேலி எதற்கு?" என்று அந்தப் பெண் உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார்.

"வேலி இல்லாவிட்டால் எதில் வழி விடுவது?" என்றேன்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வீட்டில் இதைச் சொன்னபோது அபிரா இரண்டு கையாலும் தலையைப் பிடித்தாள். "அம்மா, நீங்கள் ஏன் எல்லாம் விளங்கப்படுத்துறீங்கள்? ஓம் எண்டால் போதும்தானே!" அவளுக்குப் போன வருடம் சுவிஸின் சிவப்புக் கடவுச்சீட்டு கிடைத்துவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அது சுகம். தமிழைக் குறைத்துக்கொண்டே வருகிறாள், ஊர்ப்பேச்சு எடுத்தால் காதில் எதையாவது செருகிக்கொள்கிறாள் என்று நான் கவலைப்படுகிற பிள்ளை. முடிவு கடிதத்தில் வரும் என்றார்கள். இன்னும் வரவில்லை.

6

பலகாரம் சுடுகிற நாள் வந்தது. கலியாணவீட்டில் நாள் பார்த்து அடுப்பு மூட்டி, இனத்துப் பெண்கள் கூடிச் சுடுவார்கள். அன்றைக்கு யார் வந்து எண்ணெய்த் தாச்சிக்குப் பக்கத்தில் குந்துகிறார்களோ அவர்கள் உறவு. எங்கள் குடும்பத்தில், பாகில் மாக் குழைத்துச் சுடுகிற அரியதரம் என்றால் அக்காதான். அண்ணி நல்ல மனுசி, ஆனால் அரியதரம் அவர் கைக்கு அடங்காது. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஒன்றும் செய்யமுடியாமல் இங்கே துவாய்களை மடித்துக்கொண்டு நின்றேன். சபதத்தை மறந்து இடைவேளையில் அக்காவுக்கு எடுத்தேன். எடுக்கவில்லை. அண்ணாவுக்கு எடுத்தேன். எடுக்கவில்லை. அக்கா இதயத்துக்கு மருந்து எடுப்பவள். என் மனம் எங்கெல்லாமோ ஓடியது.

அப்போது அபிராவிடம் இருந்து ஒரு வீடியோ வந்தது. பள்ளிக்கூட நேரத்தில் அவள் எனக்கு ஒன்றும் அனுப்புவதில்லை. விழிக்கும் அவளுக்கும் இன்ஸ்டகிராமில் கனகாலமாகக் கதை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பெரியவர்கள் வேலியில் நிற்க, பிள்ளைகள் வானத்தால் போய்வந்திருக்கிறார்கள்.

வீடியோவில் முதலில் புகை. அரியதரம் எண்ணெயில் கரைந்து, எண்ணெய் கறுத்துப் பொங்குகிறது. அண்ணி அகப்பையோடு திகைத்து நிற்கிறார். முதல் தாச்சியே பிழையாகப் போனால் கலியாணவீட்டில் எல்லோருக்கும் நெஞ்சு பதறும். அந்த நேரம் வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு சத்தம்.

"இறக்கடி அடுப்பால! எண்ணெய் கருகுது! மா காணாது, பாகு கூடிப்போச்சு எண்டு மணத்திலயே தெரியுது!"

அக்கா. அங்கே வந்து எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. விடியலில் இருந்து அந்த ஒரே இடத்தைக் கூட்டிக்கொண்டு நின்றவள் என்று அத்தான் பிறகு சொன்னார். அண்ணி அழுகிற குரலில், "மச்சாள், எனக்கு விளங்கேல்லை, இஞ்ச வாங்கோ!" என்கிறார்.

"எதுக்குள்ளால வாறது? தெருவால சுத்தி வரமுந்தி வீடும் எரிஞ்சு போம். டேய், என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறாய்? கம்பியை வெட்டன்!"

அண்ணா ஓடிப்போய்க் குறடு கொண்டுவந்து முட்கம்பியை வெட்டுகிறார். அந்தப் பக்கத்தால் அக்கா அலவாங்கை விட்டு நெம்புகிறாள். ஆணிகள் கிரீச்சிடுகின்றன. தகரம் மடிந்து விழுகிறது. முதலில் அலவாங்கு வருகிறது, பிறகு தலையைக் குனிந்துகொண்டு அக்கா வருகிறாள். அண்ணாவை அவள் பார்க்கவே இல்லை. நேரே தாச்சிக்குப் போய்க் குந்தி மாவைத் தொட்டுப் பார்க்கிறாள். விழி படம் எடுத்துக்கொண்டே அழுகிறாள். படம் குலுங்குகிறது. அண்ணா குறட்டோடு நின்று, ஒருவரையும் பாராமல், "சொல்லாமல்தானே வந்தவா," என்கிறார்.

சாபாவிடம் காட்டினேன். அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, எல்லாம் விளங்கியது. திரும்பவும் அக்காவுக்கு எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவருக்கும் என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. விரிப்பை முகத்தில் பொத்திக்கொண்டேன். சாபா என் முதுகைத் தடவினாள்.

7

எல்லைத் தகராறு தீரவில்லை. அந்த மாடு அப்படியே படுத்திருக்கிறது. அக்கா இப்போதும் கிணற்றில் இருந்துதான் அளக்கிறாள், ஆனால் அதை அண்ணாவின் குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு சொல்கிறாள். ஞாயிறுகளில் நான் ஒரு வீட்டுக்கு எடுத்தால் போதும். "என்ன, ஏதும் அலுவலே? வேலையா இருக்கிறம்," என்கிறாள் அக்கா. பருப்பை இரண்டுமுறை அடிப்பிடிக்க விட்டேன். கையில் நேரம் மிஞ்சினால் எனக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை.

கலியாணத்துக்கு எங்கள் வீட்டில் இருந்து போகக்கூடியவள் சிவப்புக் கடவுச்சீட்டுக்காரி மட்டும்தான். நான் கேட்கவில்லை, அவளே போகிறேன் என்றாள். விமான நிலையத்துக்கு அவளை ஏற்றிவிடப் போனபோது என் பயணப் புத்தகத்தையும் கைப்பையில் கொண்டுபோயிருந்தேன், ஏனென்று தெரியாது.

கலியாணத்தன்று காலையில் அபிரா வீடியோவில் எடுத்தாள். சீலை அவளுக்கு நிற்கவில்லை. பெரியம்மா வீட்டு முற்றத்தில் நின்று தொலைபேசியை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நடந்தாள். பயற்றங்கொடி வந்தது. ஆட்டுப்படலை தூரத்தில் தெரிந்தது. பிறகு வேலி, வெட்டிய முட்கம்பி, பக்கத்தில் சாத்திவைத்த தகரம். அதற்கு அந்தப் பக்கம் மேளச் சத்தம்.

பொட்டடியில் அவள் நின்றாள். "அம்மா, குனியுங்கோ," என்றாள். "கம்பி கீறும்."

இங்கே விடிய இன்னும் நேரம் இருந்தது. நான் என் குசினியில், கதிரையில் இருந்தபடியே தலையைக் குனிந்தேன்.